ஹாலி ஃப்ளானகனின் தாள்களை எங்கே தேடுவது?

1935 முதல் 1939 வரை, வேலையிழந்த நாடகக் கலைஞர்களுக்கு வேலை தந்த அமெரிக்க அரசின் ஃபெடரல் தியேட்டர் திட்டத்தை நடத்தியவர் ஃப்ளானகன். அவருடைய கடிதங்கள், கோப்புகள் முதலிய தாள்கள் ஒரே இடத்தில் இல்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான். சொந்தக் கடிதங்களுக்கு நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்த்துகலைப் பிரிவும் வாசர் கல்லூரியும். நாடகப் பிரதி, மேடை வரைபடம், சுவரொட்டி வேண்டுமானால் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகம். நிர்வாகக் கோப்புகள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில்; அங்கே ‘பதிவுத் தொகுதி 69’ என்று கேளுங்கள்.

கணவர் பெயரோடு ‘டேவிஸ்’ என்றும் தேடுங்கள். இல்லையேல் பாதி தப்பிவிடும். தாள் இருக்கும் பெட்டியின் எண், அதற்குள் இருக்கும் உறையின் எண் இரண்டையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி எண் மட்டும் இருந்தால் அதே தாளை மறுபடி தேட அரை நாள் போகும். வாசிப்பறையில் குறிப்பெடுக்கப் பென்சில் மட்டுமே அனுமதி. கார்பன் நகல் தாள் மெல்லியது, விளிம்பில் பொடியும். உறையோடு சேர்த்தே தூக்குங்கள். துருப்பிடித்த கிளிப்பை நீங்களே கழற்றாதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள்.

அரசு ஊழியராக அவர் எழுதிய அறிக்கைக்குக் காப்புரிமை கிடையாது. அவருக்கு வந்த கடிதங்களின் கதை வேறு: அந்த உரிமை எழுதியவருக்கோ வாரிசுக்கோதான்.