தடைக்காலத்தில் வேலூரில் கடல் மீன் வாங்கலாமா?

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஏப்ரல், மே மாதங்களில் மீன்பிடித் தடை என்கிறார்கள். ஆனால் வேலூர் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரமும் வவ்வாலும் தாராளமாகக் கிடைக்கின்றன. கேட்டால் 'காசிமேட்டு மீன்தாம்மா, காலையில வந்தது' என்கிறார்கள். இதை வாங்கினால் சினை மீனைக் கொன்ற பாவம் எங்களுக்கும் சேருமா? இரண்டு மாதமும் மீனே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?"

விட வேண்டாம். வாங்கலாம். எதை வாங்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தடை நேரத்தில் கடையில் கடல் மீன் இருந்தாலே அது திருட்டு மீன் ஆகிவிடாது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது (கேரளக் கரையோரத்தில் இன்னும் சில நாள் தள்ளி), ஜூலை 31 வரை போகிறது. அதனால் மே மாதம் முழுக்க மங்களூரிலும் கொச்சியிலும் படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கும், அங்கே பிடித்தது ஐஸ் பெட்டியில் லாரி ஏறி நமக்கு வரும். அதைச் சென்னைக் காசிமேடு துறைமுகத்து மீன், காலையில் வந்தது என்று சொல்லி விற்பதுதான் பொய். ஐஸ் ஒழுங்காகப் போட்டிருந்தால் அதுவும் நல்ல மீன்தான், ஆனால் இரண்டு மூன்று நாள் மீனுக்கு நீங்கள் இன்றைய மீனின் விலையைக் கொடுக்கிறீர்கள்.

அப்புறம், காசிமேடு என்று சொன்னாலே பொய் என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். இதை நான் எங்கே பேசினாலும் இரண்டு முறை சொல்வேன். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகளுக்கு இல்லை. கட்டுமரத்திலும் ஃபைபர் படகிலும் போகிறவர்கள் தடைக்காலத்திலும் தொழிலுக்குப் போகலாம். காரணம் வலையில் இருக்கிறது. விசைப்படகின் இழுவை மடி என்ற வலை கடல் தரையோடு உரசிக்கொண்டு போகும். பெரியது, குஞ்சு, சினை, நண்டு என்று வழியில் இருக்கும் எல்லாவற்றையும் வாரிவிடும். நாட்டுப் படகுக்காரர்கள் போடும் செவுள் வலை தண்ணீரில் திரை போலத் தொங்கும், கண்ணிக்கு ஏற்ற அளவுள்ள மீன்தான் தலையை நுழைத்து மாட்டும், குஞ்சு நழுவிப் போய்விடும். அந்த மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் செவுளை ஒட்டி வலை இறுகிய தடம் கோடு போலத் தெரியும். இப்படி ராத்திரி போய் விடியற்காலை கரைக்கு வருகிற மீனவருக்கு வருடத்தில் நல்ல விலை கிடைப்பதே இந்த இரண்டு மாதம்தான். நாம் மீனே வேண்டாம் என்று விட்டுவிட்டால் அடி விழுவது அவருக்கு. ஆனால் அந்த மீன் கொஞ்சமாகத்தான் வரும், பல அளவில் இருக்கும். ஒரே அளவில் குவித்து வைத்துக்கொண்டு நாட்டுப் படகு மீன் என்றால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் உண்மையான கவலை சினை மீன். அதற்குத் தேதியைவிட அளவைப் பாருங்கள், ஒருமுறையாவது முட்டையிட வாய்ப்புக் கிடைத்த மீனாக இருக்க வேண்டும். வஞ்சிரம் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் வளர்ந்த பிறகுதான் சினைக்கு வருகிறது. அரைக் கிலோ, ஒரு கிலோவில் 'குட்டி வஞ்சிரம்' என்று விற்பது ஒருமுறைகூட முட்டையிடாத மீன். தடைக்காலம் என்றில்லை, எந்த மாதத்திலும் அதைத் தொடாதீர்கள். கேரளத்தில் 2015-லேயே மத்தி 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று சட்டமாக்கினார்கள். அப்படியும் விரல் நீள மத்தி நம் ஊர் வரை வந்து சேர்கிறது. துறைமுகத்தில் என்றைக்கோ ஒரு நாள் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள், அதற்குப் பிறகு நெடுஞ்சாலையிலும் மார்க்கெட்டிலும் கேட்க ஆளில்லை. 61 நாள் படகைக் கட்டிப்போட்டு, தொழிலாளியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, 62-ம் நாள் அதே மடியில் குஞ்சு மீனை அள்ளி, சங்காயம், அதாவது சாப்பிட விலைபோகாத கழிவு மீன் என்று மீன் மாவு ஆலைக்கு லாரி லாரியாக அனுப்பினால் அந்த 61 நாளுக்கு என்ன பலன்? பல வருடங்களாக ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வவ்வால் விஷயத்தில் வேறு மாதிரி ஏமாற்று. வரத்துக் குறைந்ததும் இடைத்தரகர்கள் ஆந்திரக் குளங்களில் வளர்க்கும் ரூப்சந்த் மீனை இறக்கிவிடுவார்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த நன்னீர் மீன், தட்டையான உடம்பு, தூரத்திலிருந்து பார்த்தால் வவ்வால் மாதிரியே இருக்கும். போன வருடம் மே மாதம் என் கண்ணெதிரே ஒரு பெரியவருக்கு அதைக் கடல் வவ்வால் விலைக்கு நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறந்து காட்டினேன், உள்ளே மனிதனின் கடைவாய்ப் பல் மாதிரி வரிசையாகப் பல். பெரியவர் அதிர்ந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். கடல் வவ்வாலுக்கு வாயும் சின்னது, அப்படிப் பல்லும் இருக்காது. ரூப்சந்தைச் சாப்பிடுவதில் தவறில்லை, ஏரி வவ்வால் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கட்டும்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை போகும்போது, ஏற்கனவே துண்டு போட்டு வைத்த வஞ்சிரத்தை வாங்காதீர்கள். முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள், கையால் சாண் போட்டுப் பாருங்கள், மூன்று சாணுக்கு வந்தால் உங்கள் முன்னால் வெட்டச் சொல்லி வாங்குங்கள். வரவில்லையா, நெத்திலி வாங்குங்கள், அது வளர்ந்தாலே அவ்வளவுதான். ஜூன் 1 முதல் 14 வரை மட்டும், கேரளத்தின் முதல் சில நாட்களைத் தவிர, இரண்டு கரையிலும் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும். அந்த நாட்களில் பெரிய கடல் மீன் குவிந்து கிடந்தால் அது அநேகமாகக் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த பழைய சரக்கு. அந்த இரண்டு வாரம் விராலோ, சாத்தனூர் அணைக் கெண்டையோ வாங்கிக் குழம்பு வையுங்கள்.