மலேயா போன பூட்டனின் பிறப்புப் பதிவில் தகப்பன் பெயர் இல்லை. இனி எப்படித் தேடுவது?

தகப்பனை விடுங்கள், தாயின் சகோதரங்களைத் தேடுங்கள். இது எனக்குப் புரிய ஆறு வருடம் போனது.

நீங்கள் வெளிநாட்டில் பிறந்தவர், ஊரில் கேட்க ஆளில்லை என்று நினைக்கிறேன். நான் கிளிநொச்சியில் இருந்துகொண்டே அலைந்தேன். எங்கள் பூட்டன், அதாவது அம்மம்மாவின் தகப்பன், 1919இல் மன்னார்ப் பெருநிலத்தில் இருந்து மலேயா போய் எஃப்.எம்.எஸ்., அதாவது அன்றைய கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். 1938இல் மனுசியையும் பிள்ளைகளையும் ஊருக்கு அனுப்பினார். ஜப்பான்காரன் வந்த பிறகு மணியோடரும் இல்லை, கடிதமும் இல்லை. அவருடைய படங்கள் இருந்த தகரப்பெட்டியை 2009இல் கடைசிச் சண்டைக்குள் முல்லைத்தீவு மாத்தளனில் விட்டுவிட்டு ஓடினோம்.

மிஞ்சியது பெயர் மட்டும். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தானே முன்னுக்கு நிற்கும். அதை வைத்துப் பிறப்புப் பதிவு கேட்டு விண்ணப்பித்தேன். பதிவு இல்லை என்றே ஒவ்வொரு முறையும் பதில். ஒருமுறை அதுவும் முழுக்கச் சிங்களத்தில் வந்தது. 1987இலேயே தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. ஆனாலும் அந்த ஒரு பக்கத்தை வாசிக்க நான் வவுனியாவுக்கு பஸ் ஏறி ஆள் பிடிக்கவேண்டி இருந்தது. இதைச் சொன்னால் இனவாதம் என்பீர்கள். எனக்கு வந்த கடிதத்தை என் மொழியில் கேட்கிறேன், அவ்வளவுதான்.

வழி திறந்தது எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில். 1908 முதல், கத்தோலிக்கர் எங்கே கலியாணம் கட்டினாலும் ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்கு அறிவிக்கவேண்டும். அங்கே பழைய பதிவின் ஓரத்தில் அதை எழுதிவைப்பார்கள். பங்குச் சுவாமி பெயர்களைப் பார்க்கவே இல்லை, ஓரங்களை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார். ‘கோலாலம்பூர், 1923’ என்ற இடத்தில் விரல் நின்றது. பூட்டனின் பெயர், தாயின் பெயர். தகப்பனுக்கு நேரே இலத்தீனில் ‘அறியப்படாதவர்’. ஞானத்தகப்பனுக்கு நேரே, நான் ஆறு வருடம் தகப்பன் என்று தேடிய அதே பெயர்.

வீட்டில் வந்து சொன்னேன். அம்மா யோசிக்காமல், “அவர் பூட்டன்ர அம்மான் எல்லே” என்றா. அம்மான் என்றால் தாயின் சகோதரன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டா. நான் அலைந்த நாளெல்லாம் அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுக்கிறேன் என்று சிலர் எழுதுவீர்கள். இதில் மானம் போக என்ன இருக்கிறது? கலியாணம் கட்டாதவர்களின் பிள்ளை என்றால், தாயும் தகப்பனும் சேர்ந்து கேட்டுக் கையொப்பம் வைக்கவேண்டும், அல்லது நீதிமன்றம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் பெயரைப் பதிய எங்கள் சட்டம் விடாது. அந்த மனுசன் வந்து கையொப்பம் வைக்கவில்லை என்பதைத்தான் அந்த வெற்றிடம் சொல்லுகிறது. தாயைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அதோடு வன்னியில் எழுத்து வைக்காமல், அதாவது கலியாணத்தைப் பதியாமல், குடும்பம் நடத்தி முடித்தவர்கள் எத்தனையோ பேர்.

உங்களிடம் பதிவு இருக்கிறபடியால் அறிவித்தவர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். அது பெரும்பாலும் தாய்வழி ஆள்தான். சண்டையில் இங்கே பிறப்புப் பதிவுப் புத்தகம் அழிந்திருந்தாலும் இரண்டாம் பிரதி கொழும்பில் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போயிருக்கும். தாயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

போன நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் கொடுக்கும்போது பூட்டனின் தாயின் பெயரை முதலாவதாக எழுதினேன். சுவாமி வாசித்தபோது அம்மா என் கையைப் பிடித்தா.