பேசுவதற்கு மட்டும் ஒரு ரீசார்ஜ்

கேள்வி: நான் அங்கன்வாடி உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். என்னிடம் இருப்பது பழைய பட்டன் போன். திருப்பூரில் இருக்கும் மகளிடம் பேசுவது, சிலிண்டர் பதிவு செய்வது, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைக் கடைத் தம்பியிடம் காட்டிப் படிக்கச் சொல்வது, இவ்வளவுதான் அதன் உபயோகம். மாதாமாதம் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்து தருகிறார்கள். இதைவிடக் குறைவாக ஏதும் இல்லையா?
வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: இருக்கிறது, அம்மா. ஆனால் அதை நீங்களாகக் கேட்டால்தான் கிடைக்கும். ரீசார்ஜ் கடைக்குள் நுழைந்ததும் 'போன தடவை போட்டதையே போடட்டுமா?' என்று கேட்பார்கள், நாமும் தலையாட்டிவிடுவோம். பணம் வீணாகத் தொடங்குவது அந்தத் தலையாட்டலில்தான்.

முதலில் 'மாதாமாதம்' என்ற சொல்லைப் பார்ப்போம். நீங்கள் போடும் 299 ரூபாய் பிளான் பெரும்பாலும் 28 நாள்களுக்கானதாக இருக்கும். அப்படியானால் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை அல்ல, பதின்மூன்று தடவை பணம் கட்டுகிறீர்கள். மொத்தம் 3,887 ரூபாய். அந்தத் தொகையில் கணிசமான பகுதி தினசரி டேட்டாவுக்கானது. உங்கள் பட்டன் போனில் அதில் ஒரு துளியும் செலவாவதில்லை, நள்ளிரவானதும் காலாவதியாகி, மறுநாள் புதிதாக வந்து, மறுபடியும் காலாவதியாகிறது.

உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 டிசம்பரில் ஒரு விதியைக் கொண்டுவந்தது. பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கும் மட்டுமான, டேட்டா சேராத ஒரு பிளானையாவது ஒவ்வொரு நிறுவனமும் தர வேண்டும் என்பதும், அத்தகைய சிறப்பு ரீசார்ஜ் வவுச்சர்களின் அதிகபட்சக் கால அளவு 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தப்படுகிறது என்பதும் அதன் சாரம். அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாள்களுக்கு 469 ரூபாய், 365 நாள்களுக்கு 1,849 ரூபாய் என்றும், ஜியோ 84 நாள்களுக்கு 448 ரூபாய், 336 நாள்களுக்கு 1,748 ரூபாய் என்றும் விலை அறிவித்தன. விலை அவ்வப்போது மாறுவதால், கடைக்குப் போகும் அன்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1,748 ரூபாய் என்பது 1,849 ரூபாயைவிடக் குறைவாகத் தெரிந்தாலும், நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் முன்னது 5 ரூபாய் 20 காசு, பின்னது 5 ரூபாய் 7 காசு. எந்தப் பிளானைச் சொன்னாலும் விலையை நாள்களால் வகுத்துவிட்டுப் பேசுங்கள். நீங்கள் இப்போது கட்டுவது நாளொன்றுக்கு 10 ரூபாய் 68 காசு. கடைக்காரரிடமே கால்குலேட்டர் இருக்கும், தட்டிக் காட்டச் சொல்லலாம்.

உங்கள் கையில் இருப்பது 2ஜி பட்டன் போன் என்றால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, ஏனெனில் அந்த நிறுவனத்திடம் 2ஜி சேவையே கிடையாது. இப்போதுள்ள சிம்மிலேயே பேசுவதற்கு மட்டுமான பிளான் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஓராண்டுக்குக் கட்ட வேண்டாம் என்பது என் அழுத்தமான யோசனை. மொத்தமாக எடுத்து வைக்கச் சிரமம் என்பது ஒரு காரணம். வீட்டுக்குள் சிக்னல் சரியில்லை என்று பிறகு வேறு நிறுவனத்துக்கு மாறினால் மிச்ச நாள்கள் கூடவே வராது என்பது அதைவிடப் பெரிய காரணம். மேலே சொன்ன 469 ரூபாய் விலையில் 84 நாள் பிளானைப் போட்டுக்கொண்டாலே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,040 ரூபாயில் முடிந்துவிடும். அடுப்படியிலும் படுக்கும் இடத்திலும் நின்று மகளிடம் பேசிப் பாருங்கள், பேச்சு அறுபடாமல் இருந்தால் அடுத்த முறை ஓராண்டுக்குப் போடலாம்.

இத்தகைய பிளான்களில் 900 எஸ்.எம்.எஸ். என்பதுபோல ஓர் எண்ணிக்கை குறிக்கப்பட்டிருக்கும். அது நீங்கள் அனுப்புவதற்கான கணக்கு. வங்கியிலிருந்து வரும் செய்திகளும் ஓடிபியும் அதில் கழியாது. கடைத் தம்பியிடம் செய்தியைக் காட்டுவதில் தவறில்லை, ஆனால் ஓடிபி எண்ணை மட்டும் யாரிடமும் காட்ட வேண்டாம்.

கேள்வி: என் போனில் இரண்டு சிம். இரண்டாவது எண் வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருப்பதால் மட்டுமே வைத்திருக்கிறேன். அதற்கும் ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டுமா?
வாசகர், சிவகாசி

பதில்: 2013-ஆம் ஆண்டின் டிராய் விதிப்படி, 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாத எண்ணில் 20 ரூபாய் இருப்பு இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள்களுக்கு எண்ணைத் துண்டிக்காமல் வைக்க வேண்டும். இதை நம்பிப் பலர் பிளான் போடாமல் விட்டுவிடுகிறார்கள். எண் கையைவிட்டுப் போகாதது வேறு, அந்த எண்ணுக்கு ஓடிபி வந்து சேர்வது வேறு. பிளான் முடிந்தபின் உள்வரும் சேவையும் நின்றுபோகக்கூடும், அதுவும் பணம் எடுக்க வேண்டிய அவசர நாளில் நின்றால் அலைச்சல்தான்.

ஒரு நாள் மெனக்கெட்டு, வங்கிக் கிளைக்கும் ஆதார் மையத்துக்கும் நேரில் சென்று முதல் எண்ணைப் பதிவு செய்துவிடுங்கள், கேஸ் இணைப்பையும் ரேஷன் அட்டையையும் மறக்க வேண்டாம். இத்தனையும் முடிந்த பிறகே இரண்டாவது சிம்மைக் கைவிடுங்கள். கைவிடப்பட்ட எண், துண்டிக்கப்பட்டு 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்கு வழங்கப்படலாம். உங்கள் வங்கிச் செய்தி அவர் போனில் போய் ஒலிக்கக் கூடாது.