நகையை அடகு வைக்க வேண்டாம்: சட்ட உதவிச் சட்டத்தரணியிடம் எதைக் கொண்டுபோவது?

கேள்வி: என் தம்பி புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். கல்லாப் பணம் காணாமல் போனதாக முதலாளி முறைப்பாடு செய்ய, பொலிஸார் அவனைக் கைதுசெய்தார்கள். அவனுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். நீதவான் 14 நாள் விளக்கமறியலில் வைத்தார். சட்ட உதவி ஆணைக்குழுச் சட்டத்தரணி இரண்டு நிமிஷம்தான் பேசினார். "இலவச லோயரை நம்பாதே, நகையை வைத்தாவது நல்ல ஆளைப் பிடி" என்கிறார்கள் சொந்தக்காரர். என்ன செய்வது?
வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: நகையை வைக்காதீர்கள், சகோதரி. உங்கள் தம்பிக்காக எழுந்து நின்றவரும் மற்றச் சட்டத்தரணிகளைப் போல உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தவர்தான். யாருமே பேச இல்லாதவர்களுக்காக நாள்தோறும் கோப்புக் கட்டோடு நீதிமன்றம் ஏறுகிறவர்கள் இவர்கள். இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை கிடைப்பதில்லை என்பது என் மனத்தாங்கல். குற்றஞ்சாட்டப்பட்டவர் சட்டத்தரணி மூலம் தன் பக்கத்தைச் சொல்லும் உரிமை அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரையில் இருக்கிறது. வசதியற்றவருக்கு, நீதியின் நலன் வேண்டும் இடத்தில், கட்டணமின்றிச் சட்டத்தரணி நியமிக்கப்பட வேண்டும் என்கிறது 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம். ஆணைக்குழுவும் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இது யாரும் போடும் பிச்சை அல்ல.

முதல் நாள் இரண்டு நிமிஷம் பேசியதற்குக் காரணம் வேறு. சம்பவத்தைப் பற்றிப் பொலிஸார் நீதவானுக்குக் கொடுக்கும் 'பீ' அறிக்கையை அவர் பெரும்பாலும் அன்று காலையில்தான் கண்டிருப்பார். "விசாரணை முடியவில்லை" என்று பொலிஸார் சொல்லும்போது அதற்கு எதிராக வைக்க அவர் கையில் ஒரு கடதாசியும் இருந்திராது. காசு கொடுத்துப் பிடித்தவருக்கும் அன்று அதே நிலைதான். அடுத்த தவணைக்கு முன் அந்தக் கையை நிரப்ப வேண்டியது நீங்கள்.

இந்த வாரமே புதுக்கடையிலுள்ள ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். வழக்கிலக்கம், அடுத்த தவணைத் திகதி, உங்கள் அடையாள அட்டை, குடும்ப வருமானத்துக்கான அத்தாட்சி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தம்பி கடையில் சேர்ந்த திகதி, சம்பளம், கல்லாச் சாவி யார் யாரிடம் இருந்தது, கமரா இருந்ததா, சம்பளப் பாக்கியோ தகராறோ இருந்ததா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கமராப் பதிவு அழிந்துபோகும் என்பதால் அதை முதலில் சொல்லுங்கள். நீதிமன்ற வாசலில் "நான் பார்த்துத் தருகிறேன்" என்று வரும் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

வாக்குமூலத்தை நினைத்து நடுங்க வேண்டாம். பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு. ஆனால் பின்னர் சாட்சிக்கூண்டில் மாற்றிச் சொன்னால், முரண்பாடு காட்ட வாக்குமூலத்தில் குற்ற ஒப்புதல் அல்லாத பகுதியை எடுக்கலாம். எழுதியதை வாக்குமூலம் கொடுத்தவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 110 ஆம் பிரிவு. யார் எழுதினார், தமிழில் யாராவது சொன்னார்களா, கைதுசெய்து 24 மணித்தியாலத்துக்குள் நீதவானிடம் கொண்டுபோனார்களா என்று தம்பியிடம் கேட்டுச் சட்டத்தரணியிடம் சொல்லச் செய்யுங்கள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு கேட்பதும் உரிமை. அதை அரசே தர வேண்டும்.

பிணைக்கு வருவோம். பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்கிறது 1997 ஆம் ஆண்டுப் பிணைச் சட்டம். தலைமறைவாவார், சாட்சிகளைக் குழப்புவார் என்பவைதான் மறுக்க வழமையாகச் சொல்லும் காரணங்கள். நிரந்தர வதிவிடமும் குடும்பமும் இருப்பதைக் காட்டினால் அவை பலமிழக்கும்.

பலர் இடறி விழுவது பிணை கிடைத்த பிறகுதான். காலையில் கட்டளை வரும், ஆனால் பிணையாளியின் கடதாசி சரியில்லாமல் ஆள் அன்றிரவும் சிறையிலேயே கிடப்பார். ஆகவே சரீரப் பிணைக்கு, அதாவது ஆள் பொறுப்பு நிற்பதற்கு, நெருங்கிய உறவினர் இருவரை இப்போதே ஆயத்தப்படுத்துங்கள். இருவரும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் பெறட்டும். 'நோக்கம்' என்ற இடத்தில் பிணை நிற்பதற்காக என்று எழுதியிருக்க வேண்டும். முகவரியும் பெயரின் எழுத்தும் அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். திருமணத்துக்குப் பின் வீடு மாறியவர்களுக்கு இதில்தான் சிக்கல். ரொக்கப் பிணைக்கும் கொஞ்சம் பணம் கையில் இருக்கட்டும்.

தம்பியை அடித்திருந்தாலோ, காரணமின்றிக் கைதுசெய்திருந்தாலோ, உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அவகாசக் கணக்கில் சேராது. கைதான திகதியிலிருந்து எண்ணி, முதல் சந்திப்பிலேயே இதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.