பழைய டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பழைய டீசல் டிராக்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நான் போனதும் சாவியைத் திருப்பிக் காட்டினார்கள், சட்டென்று ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக்கைக் கூட்டிப்போகும் முன் நானே எதையெல்லாம் பார்த்துவிடலாம்?

பதில்: சட்டென்று ஸ்டார்ட் ஆனதை நம்பிவிடாதீர்கள். சற்று முன்பு ஓட்டி நிறுத்திய எஞ்சின் எப்படியும் உடனே எடுத்துவிடும். பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) குறைந்த எஞ்சின், இரவெல்லாம் ஆறிக் கிடந்த பிறகுதான் அடம்பிடிக்கும். ஆகவே, காலையில் வருவதாகவும் அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். போனதும் எஞ்சின் பிளாக் அருகே கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள்.

ஆறிய நிலையில்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில் குச்சியை உருவுங்கள். டீசல் எஞ்சினில் ஆயில் கறுத்திருப்பது இயல்பு. சாம்பல் நிறத்தில், பால் கலந்ததுபோல் குழகுழவென்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஆயிலில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு) போயிருக்கலாம், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளையின்) அடி ரப்பர் வளையம் போயிருக்கலாம், பிளாக்கிலேயே விரிசலும் இருக்கலாம். அளவு மேல்கோட்டைத் தாண்டி, ஆயில் நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப் பக்கமிருந்து கசியலாம். பேரிங்குகளுக்கு அது பெருங்கெடுதல்.

மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஒன்றிரண்டு குமிழ் வந்து அடங்கினால் கவலையில்லை. விடாமல் குமிழ் வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீருக்குள் போகிறது என்று பொருள். பிறகு மூடியைப் போட்டுவிட்டு, ஏதாவது கருவியை மாட்டி ஒரு மணி நேரமாவது வேலை வாங்குங்கள். பலர் தவறவிடுவது இதைத்தான். ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பேரிங்கிலும் ஆயில் பிரஷர் முள் நன்றாக ஏறி நிற்கும். சூடேறி ஆயில் இளகிய பிறகு, ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) முள் எங்கே நிற்கிறது என்பதே உண்மையான கணக்கு. 1 பார் அளவுக்காவது நின்றால் நல்லது. மாடலுக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தால் கிராங்க் பேரிங் வேலை காத்திருக்கிறது.

அதே சூட்டில், ஐட்லிங்கில், ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசான ஆவி பரவாயில்லை. புகை குபுகுபுவென்று துடித்துத் தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன.

கிளட்சுக்கு ஒரு சோதனை உண்டு. முன்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் அழுத்தி, டாப் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடினால் கிளட்ச் வழுக்குகிறது. ஒரு முறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் தட்டு கருகிவிடும். கியரை ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்றால் வாங்க வேண்டாம் என்பேன். அதைச் சரிசெய்யப் பெரும்பாலும் வண்டியையே இரண்டாகப் பிரிக்க வேண்டிவரும்.

புதுப் பெயின்ட்டைப் பற்றி ஒன்று. போல்ட் தலைகளை உற்றுப் பாருங்கள். ஸ்பானர் பட்டு முனை மழுங்கிய போல்ட்டின் மேல் பெயின்ட் அடித்திருந்தால், அந்த இடம் முன்பே பிரிக்கப்பட்டிருக்கிறது. என்ன வேலை, ஏன் செய்தார்கள் என்று கேளுங்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் ஹவுசிங்கில் வெல்டிங் மேடு தெரிகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

கேள்வி: புகையின் நிறத்தை வைத்துப் பழுதைச் சொல்ல முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். லோடில் (வேலை வாங்கும்போது) விடாமல் நீலப் புகை வந்தால் ரிங், லைனர் வழியாக ஆயில் எரிகிறது. நெடுநேரம் ஐட்லிங்கில் விட்டு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் நீலமாக வந்து நின்றால் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழாய்) பக்கம் சந்தேகப்படலாம், அந்தச் செலவு குறைவு. ஆறிய எஞ்சினில் சில நிமிடம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம். சூடான பிறகும் கண் எரிய வெள்ளைப் புகை வந்தால் டீசல் முழுதாக எரியவில்லை: இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை), டைமிங் (பீய்ச்சும் நேரம்), கம்ப்ரஷன் மூன்றையும் பார்க்க வேண்டும். கரும்புகை என்றால் முதலில் ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். பல சமயம் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

கேள்வி: கலப்பையைத் தூக்கி எஞ்சினை நிறுத்தினால் மெல்ல இறங்கிவிடுகிறது. ஹைட்ராலிக் ஆயில் மாற்றினால் சரியாகும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: தூக்கவே மெதுவாக இருந்தால், பம்ப் கத்தினால், ஆயில் அளவும் ஸ்ட்ரெய்னர் (ஆயில் வடிகட்டி) அடைப்பும் காரணமாக இருக்கலாம். அங்கே அவர் சொல்வது சரி. தூக்கியது இறங்குவது வேறு. லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் சீல் அல்லது கன்ட்ரோல் வால்வு ஆயிலைப் பின்னுக்கு விடுகிறது, புது ஆயில் அதை நிறுத்தாது. ஆயில் சூடான பிறகு கனமான கருவியைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, கருவியைத் தூக்கும் லிஃப்ட் கையின் உயரத்தைக் குறித்துக்கொண்டு 10 நிமிடம் காத்திருங்கள். அதற்குள் யாரும் கருவியின் அடியில் போகக் கூடாது. சில விரற்கடை இறங்குவது பழைய வண்டியில் சகஜம், தரையைத் தொட்டுவிட்டால் பழுதுச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். எஞ்சின் ஓடும்போதே லிஃப்ட் கைகள் விட்டுவிட்டுத் தலையசைப்பதும் இதே கசிவுதான்.

கேள்வி: எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. நம்பலாமா?

பதில்: கேபிளில் ஓடும் பழைய மீட்டர் எஞ்சின் சுற்றைத்தான் எண்ணும். அதனால் ஐட்லிங்கில் கழிந்த நேரம் குறைவாகவே பதிவாகும். மீட்டரை மாற்றியும் இருக்கலாம். கிளட்ச் பெடலின் தேய்மானம், நீள்வட்டமாகிப்போன டிராபார் (பின்னால் டிரெய்லர் மாட்டும் கம்பி) துளை, ஆடும் லோயர் லிங்க் (கருவியை மாட்டும் கீழ்க்கை) குண்டு இவற்றைப் பாருங்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி) புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும்.