வெள்ளை வெளிச்சம் எப்படி நிறங்களாகப் பிரிகிறது? பொருளுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

வெள்ளை வெளிச்சம் என்பது தனி நிறம் இல்லை. சிவப்பு முதல் ஊதா வரை எல்லா நிறமும் கலந்து வருவதுதான் அது. சாரல் சீசனில் குற்றாலத்தில் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்க்கும்போது, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று அருவித் திவலையைப் பாருங்கள், அந்தக் கலவை பிரிந்து வானவில்லாகத் தெரியும். காரணம் இதுதான்: நீர்த்துளிக்குள் நுழையும்போது வெளிச்சத்தின் வேகம் குறைந்து பாதை வளைகிறது, ஊதாவின் வேகம் கூடுதலாகக் குறைவதால் அது அதிகம் வளைகிறது, சிவப்பு குறைவாக வளைகிறது. துளியின் பின்பக்கம் பட்டுத் திரும்பி வெளியே வருவதற்குள் ஒவ்வொன்றும் தன் வழியில் போய்விடும். சூரிய வெளிச்சம் வந்த வழிக்குச் சிவப்பு சுமார் 42 டிகிரி கோணத்தில் திரும்பி வரும், ஊதா சுமார் 40-ல்.

சரி, பொருளின் நிறம்? அங்கே நடப்பது வளைவு இல்லை, உறிஞ்சல். பத்தமடைப் பாயின் சிவப்புக் கோரையில் ஏறியிருக்கும் சாயம் சல்லடை மாதிரி, பச்சையையும் நீலத்தையும் தனக்குள் இறக்கிவிட்டு சிவப்பை மட்டும் மேலே நிறுத்தி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அதே பாயைப் பச்சை எல்இடி மட்டும் எரியும் அறையில் விரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட கறுப்பாகத்தான் தெரியும், திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பே அங்கு இல்லையே! பிள்ளைகளுக்குக் கட்டாயம் இதைக் காட்டுங்கள், பாடப்புத்தகப் படத்தைவிட நன்றாக மனதில் நிற்கும்.

அப்புறம், கண்ணாடிப் பட்டகமோ (வெளிச்சத்தைப் பிரிக்கும் முக்கோணக் கண்ணாடி, பிரிசம்) தண்ணீரோதான் வெளிச்சத்தில் புதிதாக நிறத்தைச் சேர்க்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. பிரிந்த நிறங்களை லென்ஸ் வைத்து ஒன்றுசேர்த்தால் மறுபடி வெள்ளையே வரும் என்று நியூட்டன் 1672-லேயே எழுதிவிட்டார்.