போன் முதுகில் ஒட்டும் காந்த வாலட்: எதைப் பார்த்து வாங்குவது, ஏடிஎம் கார்டு கெடுமா?

காந்த வாலட் என்பது போனின் பின்புறம் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பை. இரண்டு மூன்று கார்டு பிடிக்கும், அவ்வளவுதான். 2020-ல் ஐபோன் 12 வரிசையில் காந்த வளையம் போனுக்குள்ளேயே வந்தது. வளையம் இல்லாத போனுக்கு, வளையம் வைத்த கவர் போட வேண்டும்.

கார்டு ஏன் கெடுகிறது? பின்னால் உள்ள கறுப்புப் பட்டையில் தகவல், நுண்ணிய காந்தத் துகள்களின் வரிசையாக இருக்கிறது. கோவை லேத் பட்டறைகளில் இரும்புத்தூளுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் காகிதத்தில் தூவி, அடியில் காந்தத்தை நகர்த்திப் பாருங்கள், போட்ட கோலமெல்லாம் கலைந்துவிடும். பட்டைக்கும் அதே கதிதான். ஹோட்டல் அறைச் சாவிக் கார்டு சீக்கிரம் அழியும். வங்கிக் கார்டின் பட்டை பொதுவாகக் கொஞ்சம் கெட்டி. காந்தத்துக்கும் கார்டுக்கும் நடுவே தடுப்புத் தகடு உண்டா என்று கேட்டே வாங்குங்கள்.

கடையில் நேராக இழுத்துப் பார்த்துவிட்டு "நல்லா புடிக்குதுங்க" என்பார்கள். அது போதாது. காந்தம் நேராக இழுத்தால் விடாது, பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். காந்திபுரத்தில் டவுன் பஸ் ஏறும் நெரிசலில் ஜீன்ஸ் பையிலிருந்து போனை உருவும்போது நடப்பது இந்தத் தள்ளல்தான். நானே ஒருமுறை தொலைக்கப் பார்த்தேன். அதனால் கார்டுகளைப் போட்டு, கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள்.

வயர்லெஸ் சார்ஜுக்கு முன் கழற்றிவிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சட்டைப் பையில் வைக்கக் கூடாது, 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைக்கச் சொல்கிறது ஆப்பிள்.

அப்புறம், கார்டின் சிப்பும் அழிந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். சிப்பில் தகவல் காந்தமாக இல்லை, மின்னேற்றமாக இருக்கிறது, வாலட் காந்தம் அதை ஒன்றும் செய்யாது.